நல்லதா நாலு வார்த்தை

"அந்தம்மாவா? ஐயோ சார், அவங்களைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க!"

செருப்புக் கடை முதலாளி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, பெட்டி அடுக்கும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாய் கொஞ்சம் நீளம் சார். கடைக்கு வர்றவங்க மேல எரிஞ்சு விழுவாங்க. மேல் தட்டுப் பெட்டியை எடுக்கச் சொன்னா முட்டி வலிக்குதும்பாங்க. சரி, எதுக்கு சார் ஒருத்தர் பொழப்புல நான் மண்ணைப் போடணும்? நீங்களே பார்த்துக்குங்க."

அள்ளிப் போடுகிற மண்ணையெல்லாம் போட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

அந்த நேரம் அந்தம்மா ஏணி உச்சியில் நின்று பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏறி இறங்குகிற வேகத்தைப் பார்த்து 'சிட்டு' என்று பேர் வைத்ததே முதலாளிதான். ஒரு ஜோடி வாங்க வந்தவர் சிட்டுவிடம் மாட்டினால், இரண்டு ஜோடியும் ஒரு பாலிஷ் டப்பாவுமாகத்தான் வெளியே போவார். அதுவும் சிரித்துக்கொண்டே போவார்.

"இன்னொருத்தனா? ஆமா சார், அவனும் நம்ம கடைதான். சொக்கத் தங்கம்! கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பான். அனுப்ப எனக்கு மனசே இல்லை. ஆனா நல்லா வர வேண்டிய ஆளு, நாம குறுக்கே நிக்கலாமா?"

அந்தத் தங்கத்துக்குக் கடையில் 'நாளைக்கு' என்று பேர். என்ன வேலை சொன்னாலும் அவன் பதில் அதுதான். ஒருமுறை இடது கால் ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, வலது காலைத் தேடி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவன், அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டான்.

முதலாளி கதவைத் திறந்தால், கல்லாவில் இருக்க வேண்டிய மனைவி எதிரே நிற்கிறாள்.

"ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவ வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிட்டாங்க. இந்த வேலை கிடைச்சாதான் அந்தக் குடும்பம் நிமிரும்."

"அவ போயிட்டா நம்ம கடையையும் இழுத்து மூட வேண்டியதுதான். அதை யோசிச்சியா?"

"சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து நிறுத்துங்களேன்."

"அடேங்கப்பா! ஒரு போன்ல முடியற காரியத்துக்கா?"

ஊருக்கு வெளியே அந்த நாலுவழிச் சாலையைப் போட்டாலும் போட்டார்கள், கடைத்தெருவே தலைகீழாகிவிட்டது. தொழிற்சாலை வந்தது, குடோன்கள் வந்தன, இப்போது ஒரு மாலும் வந்துவிட்டது. பக்கத்துத் தையல் கடைக்காரர் ஆள் இல்லாமல் தானே பட்டன் தைக்கிறார். எதிர் பேக்கரியில் முதலாளியே மேஜை துடைக்கிறார். மாலில் ஆள் எடுக்கும்போது பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். அதில்தான் செருப்புக் கடைக்காரருக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது.

மாலுக்கு அவர் போன் நம்பரைக் கொடுத்தவளே சிட்டுதான்.

"முதலாளி, மால்ல செருப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியாம செய்ய மனசு வரலை. போன் வந்தா, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. அது போதும்" என்று கேட்டிருந்தாள்.

"அட, இதை நீ சொல்லணுமாம்மா?" என்று இவரும் வாய் நிறையச் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை. முதலாளி ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் சிட்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது.

"முதலாளி, எடுத்துட்டாங்க! அந்தப் பிரிவு முழுக்க என் பொறுப்பாம்!"

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரை... உன்னையா?"

"எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்தான். உங்க போனுக்கு அப்புறம்தான் முடிவு பண்ணோம்னு மேனேஜரே சொன்னாரு. இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் முதலாளி."

என்ன நடந்தது என்று முதலாளிக்குப் புரியவில்லை. ஆனாலும் வருகிற பேரை விடுவானேன்?

"பின்னே? நான் ஒரு வார்த்தை சொன்னா தட்டிட முடியுமா? உன் அருமை பெருமையைச் சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைச்சுடுச்சும்மா!"

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்போதுதான் 'நாளைக்கு' உள்ளே நுழைந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. வந்ததும் வராததுமாக, செருப்புப் போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்னடா, நீ இன்னும் இங்க என்ன பண்றே?" என்றார் முதலாளி.

"எனக்கு வேலை இல்லைன்னுட்டாங்க முதலாளி."

"அதெப்படி? உன்னைச் சொக்கத் தங்கம்னு சொன்னேனேடா!"

"அங்கதான் முதலாளி காரியம் கெட்டுது. அந்த மேனேஜரும் முன்னாடி கடை வெச்சிருந்தவராம். 'உதவாத ஆளைத்தான்யா முதலாளிங்க புகழ்ந்து தள்ளிவிடுவாங்க'ன்னு என்னை அனுப்பிட்டாரு. சிட்டு அக்காவை நீங்க அந்தத் திட்டு திட்டினீங்களாமே, அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டாங்களாம்!"