ஒரு முடிகூட நிற்கக் கூடாது

"அண்ணே, அந்த பிளேடைத் தூக்கிப் போடுங்க. வேற ஒண்ணு பிரிங்க. எங்க கண்ணு முன்னாடி பிரிங்க."

முடிதிருத்துபவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வழக்கமாக வருபவர் வரவில்லை, ஆபரேஷனுக்கு ஒரு மொட்டை அடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இவரை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள். பாதித் தலைதான் முடிந்திருந்தது. அதற்குள் இது மூன்றாவது பிளேடு.

"இதுவே புதுசுதானே சார்?"

"புதுசுதான். ஆனா மேஜையில வெச்சு எடுத்தீங்க."

நாற்காலியில் இருந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் மனைவி சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று முடிதிருத்துபவர் மனதுக்குள் இரக்கப்பட்டார்.

"அப்படி என்ன வியாதி சார்?"

"சந்தேகம்தான் அண்ணே. கையைக் கழுவினா, கழுவினோமான்னு சந்தேகம். மறுபடி கழுவணும். வீட்டுல குழாய் தேஞ்சு போச்சு. சோப்புக் கடைக்காரர் எங்க புண்ணியத்துல மாடி கட்டிட்டார்."

"மாத்திரை கீத்திரை?"

"இருக்கிற மாத்திரை எல்லாம் பாத்தாச்சு. எதுக்கும் மசியல. அதான் இந்த மெஷின். மண்டையைத் திறக்க மாட்டாங்க. தலையில ஹெல்மெட் மாதிரி ஒண்ணு மாட்டி, காதுக்கே கேக்காத சத்தத்தை நாலாபக்கத்துலேருந்தும் உள்ள அனுப்புவாங்க. எல்லாம் மூளைக்குள்ள ஒரே புள்ளியில சேர்ந்து அந்த இடத்தை மட்டும் சுடுமாம். ஆள் முழிச்சுக்கிட்டே இருக்கலாம்."

"சத்தத்துல வியாதி போகுமா? என் வீட்டுக்காரி போடுற சத்தத்துக்கு எனக்கு ஜலதோஷம்கூட வரக் கூடாதே!"

அவர் சிரிக்கவில்லை. "முடி நின்னா அதுல காத்துக் குமிழ் ஒட்டிக்குமாம். சத்தம் நேரா போகாது. அதனால ஒரு முடிகூட நிக்கக் கூடாது அண்ணே." மனைவியை ஒருமுறை பார்த்தார். "பேத்தி பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிட்டா. கையில வாங்க முடியல. கழுவிட்டு வர்றதுக்குள்ள குழந்தை தூங்கிடுது."

முடிதிருத்துபவரின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நான்காவது பிளேடை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலையா? அரை மணி நேரத்துல தலை தயாராகலைன்னா அடுத்த பேஷன்ட்டைப் படுக்க வெச்சிடுவாங்க. ஏற்கனவே ரெண்டு தடவை இப்படித்தான் தேதியை விட்டீங்க. இதையும் விட்டா மறுபடி எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"ஆயிடும் சிஸ்டர், இந்தத் தடவை ஆயிடும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார் அவர். பிறகு முடிதிருத்துபவரிடம் கிசுகிசுத்தார். "காதுக்குப் பின்னாடி பாத்து எடுங்க அண்ணே. அங்கதான் எப்பவும் கவுத்துடுது."

ஒரு வழியாக வேலை முடிந்தது. மனைவி எழுந்து வந்தார். தலையைத் தொடாமல் குனிந்து உச்சி, பிடரி, இரண்டு காதுகளின் பின்புறம் எல்லாம் பார்த்தார். நாற்காலியை இன்னொரு சுற்று சுற்றி வந்தார். கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கயும் வெட்டலையே?" என்று கணவரிடம் கேட்டார்.

"இல்லம்மா."

"எரியலையே?"

"துளிகூட இல்ல."

அந்த அம்மா காதுக்குப் பின்னால் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "சரிங்க. நல்லாத்தான் எடுத்திருக்கார்."

கணவரின் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது. எவ்வளவோ காலம் கழித்து வரும் சந்தோஷம் அது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, அதன்மேல் ஒரு புதுத் துண்டை விரித்தார். அந்த அம்மா அதில் உட்கார்ந்து பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்கு எதுக்கு?" முடிதிருத்துபவர் பதறிப்போனார்.

"எனக்குத்தானே ஆபரேஷன்? இன்னொருத்தர் தலையில சரியா வருதான்னு பாக்காம நான் எப்படி என் தலையைக் குடுக்கிறது?"

"அப்பாடா!" என்றபடி உள்ளே வந்த பெரிய டாக்டர், தொப்பியைக் கழற்றி, அப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்த தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "போன தடவை என் தலையைப் பாத்துத் திருப்தி இல்லாம எழுந்து போயிட்டாங்க."