இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாப்அப்

பிரவுசரின் மூலையில் பாப்அப் என்ற ஒரு குட்டி ஜன்னல் குடியிருந்தது. பட்டனைத் தட்டினால் குதித்து வரும். வெளியே எங்காவது ஒரு கிளிக் விழுந்தால் போதும், பொசுக்கென்று மறைந்துவிடும். அதில் எழுதிவைத்ததெல்லாம் அதோடு போச்சு.

அதை உருவாக்கிய தவமணி தலையில் அடித்துக்கொண்டு, கோளாறு கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் திறந்தாள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பாப்அப் சல்யூட் அடித்தது. விறைப்பாக நின்றது. தவமணி வெளியே எங்கெங்கோ கிளிக் செய்து பார்த்தாள். அது அசையவில்லை, எழுத்தும் அழியவில்லை.

"என்னம்மா, இதையா ஓடிப்போகுதுன்னு சொன்னே? தங்கமான பிள்ளை!" என்றது இன்ஸ்பெக்டர்.

"எல்லாம் வீண்பழி சார்," என்றது பாப்அப்.

நிம்மதியாக இன்ஸ்பெக்டரை மூடிவிட்டு, தவமணி மேனேஜரைக் கூப்பிட்டு, சரியாகிவிட்டதென்று காட்டினாள். அவர் பாதி எழுதிவிட்டு, வந்த மெயிலைப் பார்க்க வெளியே கிளிக் செய்தார். பாப்அப் அவர் எழுதியதையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

"இதையா சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இன்ஸ்பெக்டரைத் திறந்தாள். பாப்அப் அதற்குள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றிருந்தது.

"வாங்க சார், வாங்க! டீ சொல்லட்டுமா?"