யானை எந்தப் பக்கம்?

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? யானை நம்ம வீட்டுக்கு, கழுதை தையல்காரர் வீட்டுக்கு" என்று மைத்துனன் சாவிக்குக் கை நீட்டினான்.

இழுவைக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை. வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவதுதான் அவர் பிழைப்பு. அதற்காக வைத்திருந்த இரண்டு பிக்கப் வண்டிகளுக்கும் தெருவே சேர்ந்து பெயர் வைத்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய டீசல் வண்டி யானை. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற, ஏற்றத்தில் முக்கி முனகுகிற சின்னது கழுதை.

விடிகிற நேரத்தில் மேட்டிலிருந்து மண் சரிந்து, எதிரெதிர் வீடுகள் இரண்டையும் உட்கார வைத்துவிட்டது. ஒரு வீட்டின் கூரைத் தளத்துக்கு அடியில் தையல்காரரின் பெண்கள் இரண்டு பேர். இன்னொன்றின் அடியில் இழுவைக்காரரின் ஒரே மகன்.

பாதை அடைபட்டுக் கிடந்தது. வெளியிலிருந்து இயந்திரம் எதுவும் வரப்போவதில்லை. மேட்டில் பாதி மண் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வானம் வேறு மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

தையல்காரர் நடுத்தெருவில் நின்றார். வெறுங்கையால் தோண்டித் தோண்டி நகமெல்லாம் பெயர்ந்திருந்தது. யானை வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பார்?

"அவங்க தளம் உடையாம ஒரே பலகையா விழுந்திருக்கு. கழுதையால அதை அசைக்க முடியாது" என்றார் இழுவைக்காரர் தாழ்ந்த குரலில். "நம்மது ரெண்டாப் பிளந்திருக்கு. பின்னால பாரம் ஏத்தி இழுத்தா ஒருவேளை கழுதையே இழுத்துடும்."

"ஒருவேளையா? உள்ள கிடக்கறது நீங்க பெத்த பிள்ளை மாமா!"

"இழுக்கும்டா. என்ன, நேரம் பிடிக்கும்."

"அதுதானே நம்மகிட்ட இல்ல!"

கணக்கு ஒரு பக்கம் சொன்னது, பெற்ற பாசம் இன்னொரு பக்கம் இழுத்தது. கடைசியில் அவர் கை யானையின் சாவியை மைத்துனனிடம் நீட்டியேவிட்டது. "சரி. நம்ம வீட்டுக்கே ஓட்டு."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் இழுவைக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். விடிந்ததிலிருந்து தளத்தின் இடுக்கில் வாயை வைத்து மண்ணில் குப்புறப் படுத்திருந்தவள். "தண்ணி கேக்கறான்", "கால் மரத்துப்போச்சாம்", "அப்பா எங்கேங்கறான்" என்று உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் வெளியே எடுத்துச் சொன்னவள்.

"யானையை அங்க அனுப்புங்க" என்றாள்.

"அக்கா! உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

அவள் தம்பியைப் பார்க்கவே இல்லை. "அங்க ரெண்டு உசுரு இருக்கு. அனுப்புங்க."

"அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் இழுவைக்காரர்.

"அப்பா மெதுவாவே வரட்டும்னு சொல்றான்."

வந்த வேகத்திலேயே திரும்பிப் போய் இடுக்கருகே படுத்துக்கொண்டாள். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளருமாம். வளருதான்னு இன்னிக்குப் பாத்துடலாம்" என்று பல்லைக் கடித்தபடி மைத்துனன் யானையை எதிர்வீட்டுக்கு ஓட்டினான்.

இழுப்பது இன்ஜின் இல்லை, எடை என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார் இழுவைக்காரர். தன் வீட்டுச் சுவரின் செங்கற்களையே வாரி வாரிக் கழுதையின் முதுகில் ஏற்றினார். தளத்தில் இரும்புக் கயிற்றை மாட்டி, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டார். சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் செங்கல் ஏற்றினார். பிடித்தது. தளம் ஒரு சாண் நகர்ந்தது.

"என்ன சொல்றான்?" என்று ஜன்னல் வழியே கத்தினார்.

"நீங்க வண்டியைப் பாருங்க" என்று திரும்பாமலே கையை ஆட்டினாள். பிறகு இடுக்குக்குள், "அப்பா வந்துட்டாரு கண்ணு, கயிறு மாட்டிட்டாரு, கழுதைதான் இழுக்குது, சிரிக்காத, இதோ தளம் நகருது" என்று மூச்சுவிடாமல், மறுமொழிக்கு இடம் வைக்காமல் பேசிக்கொண்டே போனாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவர் மறுபடி கிளட்ச்சை விட்டார்.

எதிர்ப்பக்கம் யானை உறுமியது. தளம் தூக்கிக்கொள்ள, தையல்காரரின் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக உயிரோடு வந்தார்கள். பெரியவளுக்குக் கை மட்டும் ஒடிந்திருந்தது. தையல்காரர் அழுத அழுகையில் தெருவே அழுதது.

பிறகு யானை இந்தப் பக்கம் வந்தது. இரண்டு வண்டிகளும் சேர்ந்து இழுத்ததில் தளம் சரிந்து விலகியது.

மகன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இழுவைக்காரர் அவன் மார்பில் காதை வைத்தார். மூக்கருகே விரலை வைத்தார். மறுபடியும் மார்பில் காதை வைத்தார்.

"நான்தான் கொன்னுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "வண்டியைப் பத்தித் தெரிஞ்சவன்னு பேரு எனக்கு! யானையை இங்க போட்டிருந்தா என் பிள்ளை பிழைச்சிருப்பானே!"

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரும் அவர் அருகே போகவில்லை.

மனைவிதான் வந்தாள். உதடெல்லாம் மண், தொண்டை கட்டிப்போயிருந்தது. அடித்துக்கொண்ட அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நான் எழுந்து வந்ததே அவன் போன பிறகுதாங்க."