ஈரப் பச்சை

அடையாறில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். மகளுக்காக ஜெயஸ்ரீ போடும் ஷட்டில் கோர்ட்டில் பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. நான்கு மணி வெயில் அதன்மேல் பளபளக்கிறது. காலையிலிருந்து குனிந்து ரோலர் தள்ளிய பெயிண்டர் தங்கவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மதில் நிழலில் உட்கார்கிறார். பின்கதவு திறக்கிறது. ஜெயஸ்ரீயின் அப்பா விஜயராகவன் வெறுங்காலோடு ஈரத்தில் இறங்கி நடக்கிறார், இன்று மூன்றாவது முறையாக. "அப்பா, நில்லுங்கோ" என்று ஜெயஸ்ரீ பின்னாலேயே வருகிறாள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவர் கோர்ட்டின் நடுவில் நின்று, துணிக்கொடி இருந்த இடத்தில் கையை உயர்த்தித் துழாவுகிறார். "மழை வரதுடி. அம்மா துணி எடுக்கச் சொன்னாளே." ஜெயஸ்ரீயின் அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. கொடிக்கம்பத்தைப் போன வாரம் தங்கவேல்தான் பிடுங்கினார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

தங்கவேல் எழுந்துபோய் அவரைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். படியில் உட்காரவைத்து, குழாய்த் தண்ணீரை விட்டு, பச்சை படிந்த பாதங்களை விரல்விரலாகத் தேய்க்கிறார். "மறுபடியும் உங்களுக்கு வேலை" என்கிறாள் ஜெயஸ்ரீ. "வுடும்மா" என்கிறார் தங்கவேல். பிறகு பெரியவரை நிமிர்ந்து பார்க்கிறார். "துணியெல்லாம் நானே எடுத்து உள்ள வெச்சிட்டேன் சார்." "எல்லாமா? அவளோட கத்திரிப்பூ கலர் புடவை?" "அதுவுந்தான். ஒரு சொட்டு படல." நாள் முழுதும் விறைத்திருந்த விஜயராகவனின் தோள்கள் மெல்லத் தளர்கின்றன. "அப்பாடா" என்று தங்கவேலின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.