வெயிலுமில்லை, மழையுமில்லை

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மாமியார் எதற்குக் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறார்?

தலைக்கு மேலே பிடித்திருந்தாலாவது பரவாயில்லை. ரோட்டைப் பார்க்க, முகத்துக்கு நேராக, யாரோ கல்லெறியப் போவது மாதிரி பிடித்திருந்தார்.

மருமகள் அப்போதுதான் முதல் சுற்றை முடித்துவிட்டுத் தண்ணீர் மேஜைக்கு வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் மாரத்தான். நாலு சுற்று, மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் குட்டியோட நிப்போம். அவ மூஞ்சியைப் பாரு, கால்வலி பறந்துடும்" என்று புருஷன் சொல்லியிருந்தான். பதிமூன்று மாதக் குழந்தை. அந்த முகத்தை நம்பித்தான் அவளும் கிளம்பி வந்திருந்தாள்.

புருஷன் நின்றான், கை தட்டினான். குழந்தை மட்டும் குடைக்குப் பின்னால்.

"அத்தை, குட்டி எங்கே?"

"இருக்கா, இருக்கா. நீ ஓடு" என்றது குடை.

ஓடினாள். ஒன்றும் புரியவில்லை.

இந்த மாமியாரை லேசில் குறை சொல்லிவிட முடியாது. ஆறு மாதமாக விடியற்காலையில் அவள் ஷூ மாட்டும்போதெல்லாம் குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர் அவர்தான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு என்ன வந்தது? நேற்று குழந்தைக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரை மாற்றச் சொன்னோமே, அது பிடிக்கவில்லையா? சொந்தக்காரர்கள் யாராவது ஓதிவிட்டார்களா? யோசித்து யோசித்துத் தலைதான் வலித்தது. கால் வலி தனி.

இரண்டாவது சுற்று. அவள் நெருங்க நெருங்க, குடையும் அவளோடு சேர்ந்து திரும்பியது. ஒரு குட்டி விரல்கூடத் தெரியவில்லை.

தண்ணீர் கொடுத்த பெண் கிசுகிசுத்தாள். "அந்தக் குடைக்காரம்மா உங்களுக்கு வேண்டியவங்களாக்கா? காலைலேருந்து ஒரே தகராறு. பக்கத்துல நிக்கறவர் குழந்தையைக் கேக்கறாரு, அவங்க தரவே மாட்டேங்கறாங்க."

அவளுக்குத் திக்கென்றது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? விழுந்து கிழுந்து வைத்துவிட்டதா? அதை மறைக்கிறார்களா? இல்லையே, பின்னே புருஷன் எதற்கு ஈ என்று இளித்துக்கொண்டு நிற்கிறான்? எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

மூன்றாவது சுற்று. முப்பத்தொரு கிலோமீட்டர். கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது மாதிரி இருந்தன.

புருஷன் ரோட்டு ஓரத்துக்கே ஓடி வந்தான். "அம்மா குட்டியைக் காட்டவே மாட்டேங்கறாங்க! நான் என்னதான் பண்றது, சொல்லு!"

அந்த நேரம் பார்த்துக் குடைக்குப் பின்னாலிருந்து வீறிட்டு ஓர் அழுகை. "ம்மா... ம்மா..."

அவ்வளவுதான். கால் தானாக நின்றுவிட்டது. மாரத்தானாவது மண்ணாங்கட்டியாவது! பெற்ற வயிறு கேட்குமா? ஓடுபாதையை விட்டு ஒரு காலை வெளியே எடுத்து வைத்தேவிட்டாள்.

"நிக்காதே!"

குடைக்குப் பின்னாலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்த பெண் கப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"அவ அழுதா நான் பாத்துக்கறேன். நின்னேன்னா அப்புறம் என்கூடப் பேசவே பேசாதே. ஓடுடீ!"

டீயா! கல்யாணமாகி மூன்று வருஷத்தில் "ம்மா" போடாமல் கூப்பிடாதவர், நாலு பேர் பார்க்க டீ போடுகிறார்!

எடுத்து வைத்த காலைத் திரும்ப உள்ளே வைத்தாள். கடைசிச் சுற்றை அவள் ஓடினாள் என்று சொல்லக்கூடாது, கோபம் ஓடியது. பச்சைக் குழந்தையை அழவிட்டுப் பெற்றவள் கண்ணில் காட்டாத பொம்பளையும் ஒரு பொம்பளையா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடவேண்டும். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் பத்துக் கிலோமீட்டருக்கும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

முடித்தும் விட்டாள். கழுத்தில் யாரோ மெடலை மாட்டினார்கள். அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் நேராக மாமியாரிடம் போனாள்.

குடை மடங்கியிருந்தது. மாமியார் தோளில் குழந்தை, வாய் நிறைய பிஸ்கட், கன்னமெல்லாம் ஈரத்தூள். அம்மாவைக் கண்டதும் ஒரே தாவல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழந்தையை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் வாய் வந்தது.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? நான் ஓடறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாங்களா?" என்றான் புருஷன்.

மாமியார் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார்.

"நான் சுருக்கெழுத்து படிச்சவ, தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பெரிய பரீட்சை எழுதப் போனேன். பாஸ் பண்ணா வேலை நிச்சயம். அப்ப இவனுக்குப் பத்து மாசம். ஹால்ல ஒருத்தர் வாசிச்சுக்கிட்டே இருப்பாரு, நாம விடாம எழுதிக்கிட்டே இருக்கணும். நடுவுல பென்சிலை எடுத்தா போச்சு. பாதி எழுதியிருப்பேன், எங்க அத்தை இவனைத் தூக்கிட்டு வந்து ஜன்னல்ல காட்டினாங்க. ஆசையாத்தான் காட்டினாங்க, பாவம்."

புருஷன் இளிப்பதை நிறுத்தியிருந்தான். இந்தக் கதையை அவன் இப்போதுதான் கேட்கிறான்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"நீ என்னைப் பாத்துச் சிரிச்சேடா. பென்சிலை வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். அப்புறம் உள்ளே போகவே இல்லை."