சிவப்புப் பேனை

"இன்டைக்கும் பேனய காணல்லயா சேர்?"

றலியா டீச்சர் வாசலிலேயே கேட்டார். அதிபர் வரதராசா மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"ஓம் டீச்சர், இப்பதான் கையிலை இருந்தது. நீங்கள் கையெழுத்தைப் போடுங்கோ."

அம்பிட்டியவில் உள்ள அந்த ஆரம்பப் பாடசாலையில் காலை ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாக அர்த்தம். ஆனால் டீச்சர் வரும்போதெல்லாம் இதே கூத்துத்தான்.

அன்று வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு படிவம் வந்தது. சிறந்த அதிபர் எப்படி இருக்க வேண்டும்? ஆசிரியர்கள் பெயர் போடாமல் எழுதலாம்.

டீச்சர் விடுவாரா? 'ஒரு பேனையைக் காக்கத் தெரியாதவர் பாடசாலையை எப்படிக் காப்பார்?' என்று விளாசித் தள்ளினார்.

"நீங்க என்ன எழுதினீங்க புள்ள?"

"மனுசங்கள புரிஞ்சு நடக்கணும்னு எழுதினேன் டீச்சர்" என்றார் நிஷாந்தி டீச்சர்.

"எரக்கம் பாத்தா நிர்வாகம் நடக்குமா? அஞ்சு வருஷமா என்ட கையெழுத்து ஒரு நாளாவது கோட்டுக்குக் கீழ விழுந்திருக்கா?"

நிஷாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிக்கொண்டார்.

அடுத்த மாதம் றலியா டீச்சருக்குப் பிரதி அதிபர் பதவிக்கான நேர்முகம். அந்தப் பதிவேட்டைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

பாடசாலை விட்டதும் சந்திக் கடையில் ஒரு சிவப்புப் பேனை வாங்கி வந்தார். சணல் கயிற்றால் அதைப் பதிவேட்டோடு சேர்த்து ஏழெட்டு முடிச்சுப் போட்டார்.

"இனி தொலையாது சேர். நாளைக்கு ஏழரைக்குக் கோடு விழோணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்!"

அதிபர் பேனையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேண்டாம் டீச்சர்..."

"கட்டாயம் வேணும் சேர்!" ஆசிரியர்கள் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னார்.

மறுநாள் டீச்சர் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். பதிவேட்டில் சிவப்புக் கோடு பளிச்சென்று கிடந்தது. அப்பாடா, மனுசன் திருந்திவிட்டார் என்று மனம் குளிர்ந்தது.

பேனையை எடுத்தார். கோட்டுக்கு மேலே பதினாறு கையெழுத்துகள். இருப்பதே பதினேழு ஆசிரியர்கள்தான்.

சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். ஏழு நாற்பத்திரண்டு. நேற்றும் இதே பஸ்தான். முந்தாநாளும் இதே பஸ்தான். ஐந்து வருடமாக அந்தக் கோட்டைத் தவிர வேறு மணிக்கூடு அவர் பார்த்ததில்லை.

"சேர்..." என்றார் டீச்சர்.

வரதராசா குற்றம் செய்தவர்போல எழுந்து நின்றார்.

"விடியத் தொட்டுப் பேனையைத் துலைக்கத்தான் பாக்கிறன் டீச்சர். நீங்கள் கயித்தை நல்லா இறுக்கிக் கட்டிப்போட்டியள்."