எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

கடைசித் துருவும் போய்விட்டது என்று அவள் மட்டையை அறை வாசலில் நின்று தூக்கிக் காட்டியதும், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர்தான். "அந்தத் துருப்பிடிச்ச மட்டை என்னைக்குப் பளபளன்னு ஆகுதோ, அன்னைக்கு எழுந்து நடக்கிறேன், போ" என்று ஐந்து நாளைக்கு முன்னால் எரிந்து விழுந்திருந்தார். பெண்டாட்டி அதைச் சவாலாகவே எடுத்துக்கொள்வாள் என்று அவர் கண்டாரா என்ன?

அது கோல்ஃப் பட்டர். பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடுகிற மட்டை. மைதானத்துப் புல்வெட்டி மெஷின்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர், அங்கே கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து அதைப் பொறுக்கி வந்தார். பந்தைத் தொடும் அதன் முகத்தில் மயிரிழை மயிரிழையாக வரிகள். அந்த வரிகள்மேல் அவருக்கு உயிர்.

முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். நாலாம் நாள் காலை ஊன்றியபோது தடாலென்று விழுந்தார். அதோடு சரி. கட்டிலை விட்டுச் சக்கர நாற்காலி, நாற்காலியை விட்டுக் கட்டில். வாக்கரில் துண்டு காய்ந்தது.

பயிற்சி கொடுக்க வரும் பெண் நேற்று சொல்லிவிட்டாள்: "முட்டி இறுகிட்டு வருதுய்யா. திங்கக்கிழமை நான் வரும்போது நாலடி நடந்து காட்டலேன்னா, மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான்."

இன்று ஞாயிறு.

சும்மா சொல்லக்கூடாது, அவள் உழைத்திருந்தாள். மட்டையின் தலையை ஒரு ராத்திரி பூரா வினிகரில் ஊறப்போட்டாள். பழைய டூத்பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தாள். பிறகு இருநூற்றிருபது நம்பர் உப்புத்தாள், நானூறு, எண்ணூறு. கட்டிலில் கிடந்தபடியே அவர்தான் அதிகாரம் பண்ணினார். ஒரே திசையில் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழும், முகத்தின் பக்கம் கையே போகக் கூடாது. இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார். அவளும் சலிக்காமல் தலையாட்டினாள்.

இப்போது அது கண்ணாடி மாதிரி மின்னியது.

"நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றார் சுவரைப் பார்த்து. "இன்னைக்குக் காலு கனக்குது."

பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் சண்டை போடாத நாட்களை அவர் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். கோட்டை விட்டார்.

அவள் கூடத்துக்குப் போனாள். டிவியை அலற விட்டாள். சாப்பாட்டு மேஜைமேல், அவர் கண்ணுக்கு நேராக, மட்டையைக் கிடத்தினாள். முகம் மேலே பார்க்க.

அவள் இழுப்பறையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். எண்பதாம் நம்பர். இரும்புக் கேட்டைச் சுரண்ட வாங்கிய முரட்டுத் தாள்.

அதை மட்டையின் முகத்தில் வைத்து அழுத்தி, வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய்! என்னடி பண்றே?"

டிவியில் யாரோ அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். அவள் திரும்பவே இல்லை. தோளைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடத்தில் எத்தனையோ எஞ்சினைக் கழற்றி மாட்டியவர், ஒரு மட்டை கண்ணெதிரே பாழாவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதா? போர்வையை உதறினார். வலி சுளீரென்று தொடை வரைக்கும் ஏறியது. ஏறட்டும். சுவரைப் பிடித்தார், பீரோவைப் பிடித்தார், நிலையைப் பிடித்தார். கூடத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மேஜையைப் பற்றினார். ஒரு கையால் மட்டையைப் பிடுங்கினார்.

அவள் டிவியை அணைத்தாள்.

"பதினோரு அடி" என்றாள். "அவங்க கேட்டது நாலுதான்."

அவர் காதில் அது விழவில்லை. மட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வரிகள் இருந்தன. அத்தனையும் அப்படியே இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

உப்புத்தாள் மேஜைமேல் கிடந்தது, சொரசொரப்பான பக்கம் மேலே பார்க்க. அவள் விரல் நுனிகள் நான்கும் தோல் உரிந்து சிவந்திருந்தன.